உதிர்ந்துபோகும் ‘ஆம்’

வதந்தி என்றாலே பொய் என்று இன்று பொருள் கொள்கிறோம். ‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்று காவல்துறை அறிவிப்பதும் அந்தப் பொருளில்தான். ஆனால் இந்தச் சொல் வந்த வடமொழியில் ‘வதந்தி’ என்றால் ‘சொல்கிறார்கள்’, அவ்வளவே. மெய்யா பொய்யா என்ற தீர்ப்பு அதில் இல்லை. யார் சொன்னது என்பதும் இல்லை.

தமிழில் இந்த வேலைக்குத் தனிச்சொல்கூட வேண்டாம். வினையின் வாலில் ஓர் ‘ஆம்’ போதும். ‘கடன் தொல்லையாம், கடையை மூடிட்டாராம்’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், ‘நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். கேட்டவர் வீட்டுக்குப் போய் ‘மூடிட்டார்’ என்கிறார். இரண்டெழுத்து உதிர்ந்ததும் காதில் விழுந்தது கண்ணால் கண்டதாகிவிடுகிறது.

சங்க அகப்பாடல்களில் காதலரைப் பற்றிய ஊர்ப்பேச்சு இரண்டு வகை. சிலர் தமக்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரறியப் பேசினால் அலர். வள்ளுவர் அலருக்கு ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். அதில் தலைவன் ஊர்வாய்க்கு நன்றி சொல்லாத குறைதான்! பேச்சு முற்றினால் கல்யாணம் கைகூடும் அல்லவா?

நம் காலத்து அலர் அப்படி முடிவதில்லை. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் காரில் வந்த 65 வயதுப் பெண்மணி. பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அவரை அடித்தே கொன்றார்கள். வடக்கிலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிச் செய்திகளில் ‘ஆம்’ இருப்பதில்லை.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ‘ஃபார்வர்டட்’ என்ற குறிப்பைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. நாம் உதறிய ‘ஆம்’ என்பதை ஒரு கம்பெனி திரும்ப ஒட்டியது என்றுதான் எனக்குப் பட்டது. அதை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

‘ஆம்’ மட்டும் இருந்தால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டு, ‘நானா சொன்னேன்? சொல்லிக்கிறாங்க’ என்று நழுவுகிறவர்கள் ஒளிவதும் அதன் பின்னால்தான். எங்கள் அத்தையிடம் அது செல்லாது. ‘யாருடி பார்த்தா? அவளை இங்க கூட்டிட்டு வா’ என்பாள். வம்பு பேச வந்தவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் சித்தப்பாவைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.