முதுமைக்கும் விளையாட்டு வேண்டும்

மனித வாழ்வைப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய கடமைகளை வகுத்தவர்கள் எமது முன்னோர். பிள்ளைப் பருவத்துக்கு விளையாட்டு, இளமைக்குக் கல்வி, நடுவயதுக்கு உழைப்பு, முதுமைக்கு இறைவழிபாடு என்று நாமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அறுபதைக் கடந்த ஒருவர் ஆலய வெளிவீதியில் சிறுவர்களோடு சேர்ந்து பட்டம் ஏற்றினால், "இந்த வயதில் இவருக்கு என்ன விளையாட்டு?" என்று கேட்பவர்களே அதிகம். இக்கேள்வி நியாயமானதுதானா என்பதைச் சைவ மக்களாகிய நாம் சற்று ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமாகும்.

முதலில் எமது சமயம் விளையாட்டை எங்கே வைத்திருக்கிறது என்று நோக்குவோம். பரஞ்சோதி முனிவர் மதுரைச் சொக்கநாதரின் 64 அருட்செயல்களைப் பாடி, அந்நூலுக்குத் 'திருவிளையாடற் புராணம்' என்றே பெயரிட்டார். தமிழ்நாட்டின் திருப்பூவனூரிலே, அரசன் மகளாக வளர்ந்த அம்பிகையுடன் சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தவர் என்பதால், சிவபெருமான் 'சதுரங்க வல்லபநாதர்' என்னும் திருநாமம் கொண்டு எழுந்தருளியிருக்கிறார். இறைவனுடைய ஐந்தொழிலும் எதற்காக நிகழ்கின்றன என்ற வினாவை எழுப்பும் சிவஞானசித்தியார், அவற்றை விளையாட்டு என்று சொல்வதும் பொருந்தும் என ஏற்றுக்கொண்டு, எனினும் அவை உயிர்களின் மலம் நீங்கும்பொருட்டு அருளினால் நிகழ்வன என்று தெளிவுபடுத்துகின்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இறைவன் செயலை விளையாட்டு என்பது, அது பொறுப்பற்ற செயல் என்னும் கருத்தில் அன்று. அச்செயலில் அவனுக்கு வருத்தமும் இல்லை, தனக்கென்று பெறும் இலாபமும் இல்லை. ஆயினும் பிறருக்கு நன்மை விளைகின்றது. விளையாட்டுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கூறல் அரிது.

மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சராக இருந்து அரச அலுவல்களைக் கவனித்தவர். கணக்கும் கடமையும் அறிந்த அப்பெரியார், இறைவனைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்களில் பலவும் பெண்பிள்ளைகளின் விளையாட்டுகளே. திருவம்மானை, திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்னும் திருவாசகப் பகுதிகளின் பெயர்களே இதற்குச் சான்று. விளையாட்டு முதிர்ந்த அறிவுக்கு இழுக்கு என்று அவர் கருதவில்லை என்பது வெளிப்படை.

எமது ஆலயத் திருவிழாக்களையும் எண்ணிப் பாருங்கள். வேட்டைத் திருவிழாவில் சுவாமி வேட்டைக்குப் போகிறார். கந்தசஷ்டியில் சூரன் தலையை மாற்றி மாற்றி ஓடுகிறான். அவனைத் தோளில் தூக்கி ஆட்டுபவர்கள் சிறுவர்கள் அல்லர், குடும்பஸ்தர்கள். பூங்காவனத்தன்று சுவாமி அம்பாள் சமேதராய் ஊஞ்சலில் எழுந்தருள, நாம் ஊஞ்சற் பாட்டுப் பாடி ஆட்டுகிறோம். நெதர்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் ஹூயிசிங்கா 1938ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், தனித்த இடம், குறித்த நேரம், மீறக்கூடாத விதி என்பன வழிபாட்டுக்கும் விளையாட்டுக்கும் பொதுவானவை என்று எடுத்துக்காட்டினார். எமது கிராமத்தவர்கள் அந்நூலைப் படிக்காமலே அதனை அறிந்திருந்தார்கள்.

மட்டக்களப்புப் பகுதியிலே கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டு இதற்கு ஒரு சிறந்த உதாரணம். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பகுதியாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி, ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பர். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம் என்பர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் 'அங்கெலிய' என்பதும் இதனை ஒத்ததே. மழை பெய்யவும் நோய் நீங்கவும் வேண்டி வளர்ந்தவர்கள் ஆடிய ஆட்டம் இது. ஊரின் துன்பம் தீர்வதற்கு ஊர் கூடி விளையாடவேண்டும் என்று நம்பிய மக்கள் எவ்வளவு ஆழ்ந்து சிந்தித்தவர்கள்!

விளையாட்டுக்கு இடங்கொடுத்தால் அது சூதிலே கொண்டுபோய் விடும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் வீணானதன்று. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி எச்சரித்தார். தருமர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் இழந்து, இறுதியில் பாஞ்சாலியையும் பணயம் வைத்த கதை நாம் அறிந்ததே. ஆனால் தருமரைக் கெடுத்தது காய்களை உருட்டியது அன்று; பணயம் வைத்ததே. ஆட்டத்துக்கு வெளியே எதையாவது வெல்லவேண்டும் என்ற எண்ணம் புகுந்தவுடன் அது விளையாட்டு என்ற நிலையிலிருந்து இறங்கித் தொழிலாகிவிடுகின்றது. எனவே பணம் வைத்து ஆடுதலை ஆலயச் சூழலில் நாம் உறுதியாகத் தடுப்பது சரியே. அதற்காக விளையாட்டையே விலக்குதல், சோறு தொண்டையில் விக்கும் என்று பட்டினி கிடப்பதைப் போன்றது.

இனி, முதியவர்க்கு விளையாட்டு ஏன் வேண்டும் என்பதற்கு வருவோம். உடலுக்கு அசைவும் மனதுக்கு மகிழ்ச்சியும் கிடைக்கும் என்பதை எல்லோரும் சொல்வர். அதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. விளையாட்டு எமக்குத் தோற்கக் கற்பிக்கின்றது.

எம்மவர் விரும்பி ஆடும் முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டத்தைப் பாருங்கள். அதில் ராசாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2 புள்ளி. ஆனால் சேவகனாகிய ஜாக்குக்கு 30 புள்ளி, வெறும் 9 என்ற தாளுக்கு 20 புள்ளி. ஆசுக்கு 11, பத்துக்கு 10. ஒரு சாதித் தாள்களைக் கூட்டினால் 76. நான்கு சாதிக்கும் 304. உலகத்தில் நாம் மதிக்கும் வரிசை அங்கே தலைகீழாகின்றது. அந்தப் பாயில் வந்து இருக்கும்போது அதிபரும் கமக்காரரும் கடைக்காரரும் ஒரே நிலையினர். பதவியும் வயதும் கைத்தாளைக் கூட்டித் தரமாட்டா. தோற்றால் சிரித்துக்கொண்டு மறுபடி தாள் கலைக்கவேண்டும்.

முதுமை என்பதே ஒவ்வொன்றாக இழந்துவரும் காலம். பதவி போகிறது, பார்வை குறைகிறது, உடன்பிறந்தாரும் நண்பர்களும் ஒருவர்பின் ஒருவராகப் பிரிகின்றனர். என்றும் வென்றே பழகி, வீட்டிலும் சபையிலும் தம் சொல்லே நிற்கவேண்டும் என்று இருப்பவருக்கு இக்காலம் மிகக் கொடியது. அவர் கோபக்காரராக மாறுகிறார். ஆலய நிர்வாகக் கூட்டங்களிலே சிறிய விடயங்களுக்காக வருடக்கணக்கில் முகம் பாராதிருப்போரை நாம் காண்கிறோம். கோபமின்றித் தோற்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பகைகளிற் பாதி ஏற்பட்டிராது. பலனில் பற்று வையாமல் கடமையைச் செய் என்று கீதை உபதேசிக்கின்றது. அந்தப் பாடத்தின் அரிவரி வகுப்பு விளையாட்டுத்தான்.

எமது மண்ணில் இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே ஒரு தலைமுறை விளையாடாமலே வளர்ந்தது. கிளித்தட்டு மறிக்கவேண்டிய வயதில் பதுங்குகுழியில் இருந்தவர்கள், கொக்கான் வெட்டவேண்டிய வயதில் இடம்பெயர்ந்து நடந்தவர்கள், இன்று பெற்றோராகவும் சிலர் பேரப்பிள்ளை கண்டவர்களாகவும் இருக்கின்றனர். இழந்த பிள்ளைப் பருவத்தை எவராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் ஒரு மாலைப் பொழுதை அவர்களுக்குத் தர எம்மால் முடியும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் எழும்போது, பிள்ளைகளை விட ஆர்வமாக நூல் பிடிக்கும் பெரியவர்களைக் கண்டோருக்கு இதன் அருமை விளங்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்திரை வருடப்பிறப்பன்று ஆண்கள் போர்த்தேங்காய் அடிக்கும்போது அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். முன்னர் வளவுக்குள் கட்டிய ஊஞ்சலாவது அவர்களுக்கு இருந்தது. இப்பொழுது பல வீடுகளில் அதுவும் இல்லை. அம்பாளை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் நாம், வீட்டிலுள்ள தாய்க்கு அரை மணி நேர ஓய்வு கொடாதிருப்பது பெருங்குறை.

திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் சரளமாக வராது. பாட்டனும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மௌனமாய் இருக்கும் நிலை பல வீடுகளில் உண்டு. ஒரு கரித்துண்டால் நிலத்தில் கோடு கீறி 'நாயும் புலியும்' ஆடத் தொடங்கினால் மொழி தானாக வரும். "புலியை மறி" என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.

"காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது, இனி விளையாட நேரம் ஏது?" என்று கேட்போருக்கு ஒன்று கூறலாம். நேரம் குறைவு என்பது உண்மையே. ஆகையாற்றான் அதனை முறைப்பாட்டிலும் வழக்கிலும் செலவிடலாகாது. காலையில் தேவாரம், மாலையில் சற்று விளையாட்டு என்று இருப்பவரிடம் கூற்றுவன் வரும்போதும் முகம் மலர்ந்தே இருக்கும்.

ஆகவே வருடப்பிறப்பன்று ஆலய வெளிவீதியில் மூத்தோருக்கென ஒரு கிளித்தட்டும், தாய்மாருக்கென ஓர் ஊஞ்சலும் ஏற்பாடு செய்ய அடியார்கள் முன்வருதல் வேண்டும். தாமே விளையாடி உலகனைத்தையும் ஆட்டுவிக்கும் எம்பெருமான், எமக்கும் இளகிய மனத்தையும் ஒற்றுமையையும் தந்தருளப் பிரார்த்திப்போமாக.

சுபம்.