முதுகில் எழுதிய தேர்தல் தேதி

பருவத் தேர்வு நெருங்கினாலே, “மாணவனுக்குப் படிப்பு, ஆட்டக்காரனுக்குப் பந்து, நடுவில் அரசியல் எதற்கு?” என்ற அறிவுரை கிளம்பிவிடுகிறது. இந்த அறிவுரைக்குப் பதில் பிரேசிலின் சாக்ரடீஸிடம் இருக்கிறது; அவர் மருத்துவம் படித்துக்கொண்டே கால்பந்து ஆடியவர். 1980களின் தொடக்கத்தில், ராணுவ ஆட்சி நடக்கும்போதே, அவருடைய கொரிந்தியன்ஸ் கிளப்பில் பயிற்சி நேரம் முதல் புதிய வீரரைச் சேர்ப்பதுவரை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நட்சத்திர வீரருக்கும் ஒரே வாக்கு, ஆட்ட உடைகளைக் கவனிக்கும் ஊழியருக்கும் ஒரே வாக்கு. 1982 நவம்பர் தேர்தலுக்கு முன், ‘15ஆம் தேதி வாக்களியுங்கள்’ என்று சட்டை முதுகில் எழுதிக்கொண்டு களம் இறங்கினார்கள். கவனம் சிதறிவிட்டதா? 1982, 1983 இரண்டு ஆண்டும் சாவ் பாவ்லோ மாநிலக் கோப்பை அவர்களுக்கே.

திறமைதான் வென்றது, வாக்கெடுப்பல்ல என்பார்கள். இருக்கட்டும், அரசியல் ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற வாதமாவது அங்கே அடிபட்டுப் போகிறது. புகழ்பெற்றவர் துணிந்து பேசலாம், மாணவனுக்கு எதிர்காலமே பாழாகிவிடுமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்காக மாணவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பேசியதற்காக அவனுடைய ஹால் டிக்கெட்டில் யாரும் கைவைக்க முடியாதபடி கல்லூரிதான் தன் விதிகளைத் திருத்த வேண்டும்.