இடாப்பில் இல்லாத நிரல்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூரிலோ திருக்கடலூரிலோ கிண்ணியாவிலோ ஒரு முன்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். காலை உணவுக்கு முன் பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் சட்டைக் கை மேலேற, மேற்கையின் உட்புறத்தில் விரல் விரலாய்க் கன்றிப்போன தடங்கள் தெரிகின்றன. கேட்டால் "விழுந்திட்டன் ரீச்சர்" என்கிறது பிள்ளை. விழுந்த பிள்ளைக்கு முழங்கால் உரியும், முழங்கை உரியும். கையின் உட்புறம் கன்றுவது அரிது. ஆசிரியைக்கு அது தெரியும். பிள்ளையைக் கூட்டிவந்த அம்மம்மா இன்னும் படலையடியில்தான் நிற்கிறார். இப்போது அந்த ஆசிரியை என்ன செய்ய வேண்டும்?

சொல்லிவிட வேண்டியதுதானே என்பது தூரத்தில் இருப்பவர்களின் விடை. அருகில் இருப்பவருக்கு மௌனத்தின் பக்கமும் நியாயங்கள் உண்டு. முன்பள்ளி ஆசிரியையின் வருமானம் பெற்றோர் கொடுக்கும் மாதக் கட்டணத்தையும் ஒரு சிறு கொடுப்பனவையும் நம்பியது. பல இடங்களில் பள்ளியை நடத்துவது ஊர்ச் சங்கமோ கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ தான். பிள்ளையின் தகப்பன் அடுத்த ஒழுங்கைக்காரர். நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டத்தில், ஒரு சமூகத்து ஆசிரியை இன்னொரு சமூகத்துக் குடும்பத்தைப் பற்றி வாய் திறந்தால் அது வேறு விதமாகவும் வாசிக்கப்படும். போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குப் பொலிஸ் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். சந்தேகம் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் பெயர் கெட்டுப்போகும். சரியென்றாலோ, உழைக்கும் ஆள் உள்ளே போகலாம், பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போகலாம். இவற்றையெல்லாம் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

ஆயினும் இந்தத் தயக்கங்களுக்கு அடியில் ஒரு பிழையான எண்ணம் கிடக்கிறது: குற்றம் நடந்ததா இல்லையா என்று தானே தீர்மானிக்க வேண்டும் என்பது. நீதிபதியின் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்பவருக்குச் சாட்சியின் சிறு கடமைகூடப் பாரமாகிவிடுகிறது. தீர்ப்புச் சொல்லும்படி யாரும் ஆசிரியையைக் கேட்கவில்லை. சிறுவரைப் பாதுகாக்கவென்றே 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். காயத்துக்குக் காரணம் தேடுவது அவர்கள் வேலை. காயம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவைப்பது மட்டுமே ஆசிரியையின் வேலை.

பத்து வயதுப் பிள்ளை 1929ஐ அழைக்கக்கூடும். நான்கு வயதுப் பிள்ளையால் முடியாது. தனக்கு நடப்பதற்குப் பெயர் சொல்லக்கூட அதற்கு மொழி போதாது. வீட்டுக்கு வெளியே அதை நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் உற்றுப் பார்க்கும் வளர்ந்தவர் ஒருவர்தான். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தால் ஆசிரியையின் பொறுப்பு இன்னும் கனக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதை அரசு 2013இல் தடுத்தது. 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அந்த வயதெல்லை இரண்டாக இறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த மூன்று வருடங்களுக்குள்தான் முன்பள்ளி வயதும் வருகிறது. தாயின் கண் விலகும் இடத்தில் ஆசிரியையின் கண் இருக்கிறது.

காண வேண்டியவர்கள் காணாமல் விட்டதன் விலையை மூதூர் அறியும். அவ்வூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பயிற்சி ஏதுமில்லாத அந்தச் சிறுமியின் கையில் ஒரு கைக்குழந்தையின் பராமரிப்பும் கொடுக்கப்பட்டது. குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட ரிசானாவுக்கு 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் கடவுச்சீட்டு எத்தனை மேசைகளைக் கடந்திருக்கும்! ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கலாம். "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று ஓர் ஆசிரியை எண்ணும்போது அவரும் அந்த மேசைகளில் ஒன்றாகிறார்.

சொல்வதிலும் முறை உண்டு. பிழையான முறைப்பாடு ஒரு வீட்டைக் காயப்படுத்தும் என்பது உண்மை. அதற்கு மருந்து, கண்டதை உரியவரிடம் மட்டும் சொல்வது. முற்றத்தில் மற்ற ஆசிரியைகளோடு கதைப்பதும், படலையடியில் அம்மம்மாவை மடக்குவதும், பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குழப்புவதும் பாதுகாப்பு அல்ல. "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதும் ஆகாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது.

அடுத்தவர் கையைக் கவனிப்பவர் தன் கையையும் கவனிக்க வேண்டும். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியது. மாணவன் ஒருவனின் காதில் ஆசிரியர் அறைந்த வழக்கில் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பள்ளியில் பெற்றோரே "அடிச்சாவது படிப்பியுங்கோ ரீச்சர்" என்று அனுமதி தருவதுண்டு. அடிமட்டத்தைத் தூக்கிப் பழகிய கைக்கு உரியவரின் கண், பிள்ளையின் உடம்பில் உள்ள தழும்பை வழக்கமான ஒன்றாகவே காணும்.

இத்தனையும் ஆசிரியையின் கடமை என்றால், அவருக்கு ஊர் பட்டிருக்கும் கடன் என்ன? குறைந்த சம்பளத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது அறம் அல்ல. நம் பொறுப்பை அவர் தோளுக்கு மாற்றும் தந்திரம் அது. முறைப்பாடு தனியொருத்தியின் பெயரில் போகாமல் பள்ளியின் நடைமுறையாகப் போக வேண்டும். சொன்னவரின் பெயர் வெளியே கசியக்கூடாது. அவரது மொழி தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். நடத்தும் சங்கம் அவரை வேலையிலிருந்து நிறுத்தாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆசிரியையின் மௌனத்தில் ஊருக்கும் பங்குண்டு. பங்குண்டு என்பதற்காக அந்த மௌனம் சரியாகிவிடுவதில்லை. பிள்ளையின் கை இன்றே கன்றியிருக்கிறது.

வரவு இடாப்பில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்தார், வரவில்லை என்ற இரண்டு குறிகளுக்கே இடம் உண்டு. வந்த பிள்ளை எப்படி வந்தது என்பதற்கு அங்கே நிரல் இல்லை. அதற்கென ஒரு கொப்பி வேண்டும்: திகதி, தடம் இருந்த இடம், பிள்ளை சொன்ன சொல் அப்படியே. "விழுந்திட்டன்" என்றும் எழுதலாம். அதன் கீழே ஆசிரியை தன் பெயரை எழுதி, தொலைபேசியை எடுக்க வேண்டும்.