காரணம் வேறு, குற்றம் வேறு



தலை மிகச் சிறுத்த குழந்தை ஒன்று பிறந்துவிட்டால், தொட்டிலைச் சுற்றி முதலில் எழும் கேள்வி "ஏன்?" என்பது. சற்று நேரத்திற்கெல்லாம் அது "யாரால்?" என்று மாறிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், கண்டதைத் தின்றாள் என்று தாயின் பக்கமே விரல் நீளும். இவ்விரண்டும் ஒரே கேள்வியல்ல.

முதற் கேள்விக்கு விஞ்ஞானம் ஓரளவு விடை கண்டிருக்கிறது. சிறுத்த தலைக்குக் காரணங்கள் பல. தாய்க்குக் கர்ப்பகாலத்தில் காணும் சில தொற்று நோய்களும் அவற்றுள் அடங்கும். ஆனால் சில குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் மீண்டும் மீண்டும் பிறக்கின்றனர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், உறவுக்குள் மணம் முடிக்கும் பாகிஸ்தானிய வழிக் குடும்பங்களை ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞருடன் கூடி, ஏ.எஸ்.பி.எம். என்னும் மரபணுவின் பழுதே அவற்றிற் பலவற்றுக்குக் காரணம் என்று வெளியிட்டனர்.

கருவில் மூளை உருவாகும்போது மூல உயிரணுக்கள் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகி, அதன்பின் நரம்பணுக்களைத் தோற்றுவிக்கின்றன. அவை ஒழுங்காகப் பிரிய இம்மரபணு துணைசெய்கிறது. அது பழுதுபட்டால் பெருக்கம் குன்றி, மூளை சிறுத்துவிடும். இம்மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகளாக உள்ளது: தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒன்று மட்டும் பழுதானால் தீங்கில்லை. சுமப்பவருக்கே அது தெரியாது. தாய் தந்தை இருவரும் அவ்வாறு சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டன் வழி வந்தவர் மணந்தால் இருவரிடமும் அதே பழுது இருப்பது எளிது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும். ஆகவே மணம் பேசுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது விவேகம்.

இனி இரண்டாவது கேள்வி. அறிவும் சம்மதமும் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்பது ஒழுக்க நூலின் பாலபாடம். தன் பிள்ளைக்கு எந்தப் பிரதியைக் கொடுப்பதென்று எந்தத் தாய் தேர்ந்தெடுத்தாள்? பழுதில் பாதி தந்தை வழி வந்ததன்றோ? பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று கேட்ட சீஷர்களுக்கு, இருவருமல்லர் என்றே நம் ஆண்டவர் விடையளித்தார்.

"அப்படியானால் இவ்வாராய்ச்சி, இத்தகைய சிசுக்களை முன்னரே கண்டு விலக்கத்தானே உதவும்?" என்று கேட்பாருண்டு. காரணத்தை அறிவது நன்மையே. அதை மனிதனின் மதிப்பை அளக்கும் கோலாக்குவதே பிழை. 2005-ல் இதே மரபணுவின் ஒரு வடிவம் அண்மைக் காலத்தில் மனிதரிடையே விரைவாகப் பரவியதாகச் சிகாகோ ஆராய்ச்சியாளர் வெளியிட்டபோது, அது அறிவுக்கூர்மையின் அடையாளமோ என்ற பேச்சு எழுந்தது. பின்னர் சோதித்தபோது அத்தொடர்பு காணப்படவில்லை. கண்டிருந்தாலும்தான் என்ன? கூரிய புத்தியுள்ளவன் மந்த புத்தியுள்ளவனைவிட அதிக மனிதன் ஆகிவிடுவானா? இப்பழுதுடன் பிறந்த பிள்ளைகளிற் பலர் தாமதித்தேனும் பேசக் கற்கின்றனர். தம் காரியங்களைத் தாமே செய்யப் பழகுகின்றனர்.

ஆகவே, நம் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், "யாரால்?" என்று கேளாதிருப்போம். இரவெல்லாம் கண்விழித்த அந்தத் தாய் ஒரு மணி நேரம் உறங்கும்படி, பிள்ளையை நாம் வாங்கி வைத்துக்கொள்வோம்.