விலக்காமை

திருவல்லிக்கேணியில், பெருமாள் புறப்பாடு வாசலைக் கடந்து போகும் தெருவில் எங்கள் வீடு. கீழே வாடகைக்கு விட்ட கடை, மாடியில் நாங்கள். நடுவே 15 கருங்கல் படிகள். தாத்தா காலத்துப் படிக்கட்டு. இரண்டு சுவருக்கும் இடையே 28 அங்குலம்தான். ஒவ்வொரு படியும் எட்டரை அங்குல உயரம். மேலே வலப்புறம் திரும்பும் இடத்தில் மூன்று முக்கோணப் படிகள். 84 வயதான அம்மா இரண்டு வருஷமாக அதில் இறங்கவில்லை.

புறப்பாட்டை மாடியிலிருந்து பார்க்கலாமே என்று மற்றவர்கள் சொல்வார்கள். அம்மா பார்க்க மாட்டாள். பெருமாள் கீழே எழுந்தருளும்போது நாம் மேலே நின்று பார்ப்பது அபசாரம். கோஷ்டியின் குரல் தெருமுனையில் கேட்டதும் கூடத்தில் கை கூப்பி உட்கார்ந்துவிடுவாள். குரல் தேய்ந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் நாலு பேராகத் தூக்கி இறக்குகிறோம் என்றேன். "நாலு பேர் தூக்கறது ஒரு தடவைதான்டா. அது வரைக்கும் வேண்டாம்" என்றாள்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. உயிரோடு இருக்கும்போது பிறர் நம்மைச் சுமப்பது ஏன் இத்தனை கூச்சம்? நாங்கள் தினம் சேவிக்கும் பெருமாளே தோளில்தானே போகிறார்? ஸ்ரீபாதந்தாங்கிகள் தோள் கொடுக்காமல் அவர் வீதிக்கு வருவதில்லை. அதையும்விட எனக்கு நினைவு வந்தது திருப்பாணாழ்வார். சாதி வழக்கத்தால் அரங்கத்தில் கால் வைக்க முடியாமல் காவிரிக் கரையில் நின்று பாடியவர். அரங்கன் ஆணையென்று லோகசாரங்க முனிவர் வந்து தோளில் ஏறச் சொன்னபோது அவர் கூசினார் என்றே குருபரம்பரைக் கதை சொல்கிறது. கூசினாலும் கடைசியில் ஏறினார். முனிவாகனர் என்ற பெயர் அதனால்தான் வந்தது. நடந்து போனதற்காக அல்ல, சுமக்கப்பட்டதற்காக ஒருவருக்குக் கிடைத்த பெயர்.

அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அப்பேர்ப்பட்ட ஆழ்வாரும் நானும் ஒண்ணா?" என்றாள். "விலக்காம இருந்தாப் போதும்னு நீதானேம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மனுஷா தூக்க வேண்டாம். மிஷின்னா அளக்கச் சொல்லு" என்றாள்.

படிக்கட்டோரம் ரெயிலில் ஏறி இறங்கும் நாற்காலிக்கு (ஸ்டேர் லிஃப்ட்) அளக்க முதலில் வந்தவர் நேர் ரெயில் போதும் என்றார். 12 படி வரை நாற்காலி, மீதி மூன்று படியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாமாம். விலை குறைவுதான். ஆனால் கால் வைக்க இடமில்லாத அந்த முக்கோணப் படிகளில்தானே அம்மா ஒரு தடவை சறுக்கினாள்? மிக ஆபத்தான இடத்தில் இறக்கிவிடும் வாகனம் எதற்கு? அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் படிக்கட்டை அளக்கும் முன்னால் அம்மாவைச் சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்து, முதுகிலிருந்து முழங்கால் வரை அளந்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டேர் லிஃப்ட்டில் பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும். குறுகிய படிக்கட்டில் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. இடிப்பவர்களுக்குப் பாதி நின்றபடி சாய்ந்து போகும் வகையும் உண்டாம். தலைசுற்றல் உள்ள அம்மாவுக்கு அது ஆகாது. பிறகு படிகளில் அடையாள ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்தார். வளைவு ரெயில் அந்தந்தப் படிக்கட்டுக்கென்றே செய்வது, இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. அதை உள்வளைவு ஓரமாகப் போட்டால் மற்றவர்கள் முக்கோணப் படியின் அகலமான பக்கத்தில் கால் வைக்கலாம். நாற்காலியை மடித்துவிட்டால் ஒருக்களித்து ஏறிவிடலாம். மேலே போனதும் இருக்கை கூடத்தைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளும், படிக்கட்டுக்கு முதுகு காட்டி இறங்கலாம். பாட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நடுவழியில் நிற்காது.

பழைய சுண்ணாம்புச் சுவர் தாங்குமா என்று கேட்டேன். "சுவர்ல எதுவும் இல்லை சார். பாரம் முழுக்கப் படிதான் தாங்கும்" என்றார். சன்னிதி வாசற்படியைக் குலசேகரன் படி என்று அழைக்கும் வழியில் வந்தவனுக்கு அதைக் கேட்டு மனசு நிறைந்தது.

நாற்காலியைப் பொருத்தினார்கள். கைப்பிடியின் நுனியில் ஒரு சுவிட்ச். அழுத்திக்கொண்டே இருந்தால் நாற்காலி நகரும், கை எடுத்தால் நின்றுவிடும். இதைப் பார்த்ததும் என் மனைவி, "பார்த்தேளா, குரங்குக்குட்டிதான்!" என்றாள். அவள் பிறந்த வீடு வடகலை, நாங்கள் தென்கலை. குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும்; பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். குரங்குக்குட்டியைப் போல, காப்பாற்றப்பட ஜீவன் தன் பங்குக்கு ஒரு வியாஜமாவது, சாக்குக்கு ஒரு சிறு செயலாவது, செய்ய வேண்டும் என்று வடகலையில் தேசிகர் வழியில் வந்தவர்கள் சொல்வார்கள். பூனைக்குட்டியைப் போல, பெருமாள் காக்கும்போது விலக்காமல் இருந்தாலே போதும் என்பது எங்கள் பிள்ளை லோகாசார்யர் வழி. முப்பது வருஷமாக எங்கள் சமையலறையில் நடக்கும் வழக்கு இது.

அவள் சொன்னதை ஒரு வாரம் யோசித்தேன். வாதத்தால் கோணிப்போன விரல்களோடு அம்மா உள்ளங்கையால் அந்த சுவிட்சை அழுத்துகிறாள். அந்த அழுத்தமா அவளைப் பத்தடி உயரம் தூக்குகிறது? தூக்குவது மோட்டார். கை சொல்வதெல்லாம் "வேண்டாம் என்று சொல்லவில்லை" என்பதுதான். குரங்குக்குட்டி பிடியை விட்டால் விழுந்துவிடும். இங்கே அம்மா கையை எடுத்தால், நாற்காலி அவளைத் தாங்கியபடி அதே இடத்தில் காத்திருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

சித்திரைப் பிரம்மோத்சவத்தில் கருட சேவையன்று அம்மா இறங்கினாள். திருப்பத்தில் கை நழுவியது, நாற்காலி நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். கருடன் மேல் பெருமாள் எங்கள் வாசலுக்கு வந்தபோது, அவள் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தாள்.