வணிகக் கல்வியும் வாய்மையும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்கு நம் இல்லங்களில் இருவகை விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பிழைப்பிற்கு வழிகாட்டுவது என்பது ஒன்று. மனிதனை மனிதனாக்குவது என்பது மற்றொன்று. முதல் விடையை நாம் பிள்ளைகளிடம் கூறுகிறோம். இரண்டாவதை மேடைகளில் கூறுகிறோம். இவ்விரண்டும் தம்முள் இசையுமா, அன்றி ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கத்தான் வேண்டுமா? வணிகக் கல்வியையும், அதன் ஒரு கூறாகிய வணிகத் தொடர்புக் கல்வியையும் முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம். பொருளீட்டவும், பொருளீட்டுவதற்காகப் பேசவும் கற்பிக்கும் இப்படிப்பில்தான் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது.

ஓர் இளைஞரின் ஐயம்

சில ஆண்டுகளுக்கு முன் வந்தவாசிப் பகுதியில் நிகழ்ந்த திருமணம் ஒன்றில், வணிகவியல் பட்டம் பெற்ற ஓர் இளைஞரை அவர்தம் தந்தையார் நம்மிடம் அழைத்து வந்தார். சென்னையில் மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குச் சென்று வாய்ப்பின்றித் திரும்பியவர் அவர். விடை தெரியாமல் தோற்றவர் அல்லர். தெரிந்த விடையைச் சொல்ல நா எழாமல் தோற்றவர். பின்னர்ப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தார். கைகுலுக்கும் முறை, அமரும் முறை, ஆங்கிலத்தில் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அனைத்தையும் கற்பித்தனர். இறுதியில், தன்விவரக் குறிப்பில் ‘இரண்டாண்டு அனுபவம்’ என ஒரு வரி சேர்க்குமாறும், அதற்குரிய சான்றிதழைத் தாமே ஏற்பாடு செய்து தருவதாகவும் கூறினராம்.

“எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்கள் ஐயா. இது பாவமா, பிழைப்பா?” என்று அவ்விளைஞர் கேட்டார். தந்தையார் ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் நிலக்கடலையும் நெல்லும் பயிரிடும் உழவர். மகனின் படிப்பிற்காக வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

‘பாவம்’ என்று ஒரு சொல்லில் விடை கூறி நாம் பந்திக்குச் சென்றிருக்கலாம். அது எளிது, கடன் நம்முடையது அன்று அல்லவா? ஆயினும், அவ்வாறு சொல்லிச் செல்ல மனம் இடந்தரவில்லை. பொய் கூறாதே என்று சொல்பவர், பொய்யின்றிப் பிழைக்கும் வழியையும் காட்டக் கடமைப்பட்டவர் ஆகின்றார்.

கடைத்திண்ணையும் வகுப்பறையும்

முற்காலத்தில் வணிகம் கடையிலேயே கற்கப்பட்டது. சிறுவன் முதலில் கடை கூட்டினான். பின்னர் நிறுத்துக் கொடுத்தான். அதன்பின் நாள்வழிக் குறிப்பேடு எழுதினான். இறுதியில்தான் பேரேடு அவன் கைக்கு வந்தது. வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் அதனோடு சேர்ந்தே வந்தது. அக்கல்விக்கு இயல்பாகவே ஒரு காவல் இருந்தது. வாங்குபவர் அடுத்த தெருவினர். இன்று சொன்ன பொய் நாளை கடைவாசலுக்கே திரும்பி வரும்.

பின்னர் வணிகம் கல்லூரிப் பாடமாயிற்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881 இலும், ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908 இலும் தோன்றின. நம் நாட்டில் பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913 இல் தொடங்கப்பெற்றது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961 இல் அமைந்தன. நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கோ, அருகிலுள்ள நகரத்தின் தட்டச்சுப் பயிற்சி நிலையமே நெடுநாள் வணிகக் கல்லூரியாக விளங்கிற்று. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ அமர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்!

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கடை உடையவன் மகனுக்கே உரியதாயிருந்த அறிவு, உழவன் மகளுக்கும் கிடைத்தது. ஆயினும் ஒன்று நழுவிற்று. சரக்கிலிருந்து சொல் பிரிந்தது. முகம் அறியாத ஒருவருக்கு, தாம் காணாத பொருளைப் பற்றி எழுதவும் பேசவும் மாணவர் கற்கின்றனர். அடுத்த தெருவினர் என்னும் காவல் இப்போது இல்லை. ஆதலால் அக்காவலை ஒவ்வொருவரும் தம் நெஞ்சினுள்ளேயே சுமந்து செல்ல வேண்டியவராகின்றனர்.

கடிதங்கள் கற்பிக்கும் ஒழுக்கம்

வணிகவியல் மாணவர்க்குக் கடிதம் எழுதுதல் ஒரு பாடம். விசாரணைக் கடிதம், விலைப்புள்ளி, ஆர்டர் கடிதம், புகார்க் கடிதம், புகாருக்கு விடை, வசூல் கடிதம் என்று அது விரியும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் பகுதி இது. ஊன்றி நோக்கினால், ஒழுக்க நூல்கள் கூறும் பயிற்சி இதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

புகார்க் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பெட்டிகளில் பன்னிரண்டு உடைந்து வந்தன. மாணவர் முதலில், “எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்” என்று எழுதுவார். நல்லாசிரியர் அவ்வரியை அடித்துவிட்டு, ஆர்டர் எண், சரக்கு வந்த நாள், உடைந்த பெட்டிகளின் எண்ணிக்கை, வேண்டும் பரிகாரம் ஆகிய நான்கை மட்டும் எழுதச் செய்வார். ஏன்? பன்னிரண்டு உடைந்தன என்பது கண்டது. ஏமாற்றினர் என்பது கருதியது. லாரியில் உடைந்திருக்கலாம், இறக்கும்போதும் உடைந்திருக்கலாம். கண்டதையும் கருதியதையும் பிரித்தறிந்து, தாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மட்டும் கூறும் அடக்கமே அநேகாந்தத்தின் முதற்படி. இதனைக் கற்றவர் அண்டை வீட்டாருடன் வரப்புத் தகராறு நேரும்போதும் அவ்வாறே பேசுவர்.

வசூல் கடிதம் படிப்படியாகச் செல்வது. முதற்கடிதம், கடன்பட்டவர் மறந்திருக்கக்கூடும் எனக் கொண்டு நினைவூட்டும். இரண்டாவது, ஏதேனும் இடர்ப்பாடு உண்டா என வினவும். மூன்றாவது உறுதியாகக் கேட்கும். அதன்பின்னரே வழக்கறிஞர் அறிவிப்பு. உரிய பணத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிறர் மானத்தைத் தொடக்கத்திலேயே சிதைக்கவும் இல்லை. கொல்லாமையை உணவோடு நிறுத்திக்கொள்பவர், எழுதுகோலாலும் இம்சை செய்யலாகும் என்பதை இங்கே அறியலாம்.

இவற்றுள் மிகக் கடினமானது புகாருக்கு எழுதும் விடை. தவறு நம்முடையதாயின், காரணங்களை அடுக்குமுன் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பர் ஆசிரியர். ‘தவறு எங்களுடையது’ என்னும் இரண்டு சொற்களை எழுதக் கற்பதற்குப் பலருக்கு ஒரு வாழ்நாள் போதுவதில்லை. அலுவலகத்தில் அதனைக் கற்றவர், வீட்டில் மனைவியிடமும் மக்களிடமும் கூற வல்லவராயின், அதனினும் மேலான வளர்ச்சி யாது?

தூண்டிற்காரனின் அறிவு

இனி, இதற்கு மறுப்பாகக் கூறத்தக்கதையும் நோக்குவோம். பெறுபவரின் நோக்கில் எழுது, அவர் தேவையை முதலில் எண்ணு என்பது இக்கல்வியின் அடிப்படை விதி. இது அன்பா, தந்திரமா? மீனின் பசியை நன்கறிந்தவன் தூண்டிற்காரன். பிறர் நிலையில் நின்று எண்ணுதல் அருளுக்கும் வழியாகும், வஞ்சனைக்கும் வழியாகும்.

ஹைதராபாத்தில் இயங்கிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் தலைவர் ராமலிங்க ராஜு அமெரிக்காவில் வணிக மேலாண்மை பயின்றவர். நிறுவனத்தின் பெயரே சத்தியம். 2008 ஆம் ஆண்டில் சிறந்த நிர்வாக நெறிக்கான விருதையும் அது பெற்றது. 2009 சனவரி 7 ஆம் நாள், கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் பெருக்கப்பட்டவை என அவரே இயக்குநர் குழுவிற்குக் கடிதம் எழுதினார். இல்லாத ரொக்கமும் வங்கி இருப்பும் மட்டும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் காட்டப்பட்டிருந்தன. தொடக்கத்தில் சிறிதாயிருந்த வேறுபாடு ஆண்டுதோறும் வளர்ந்ததென்றும், புலியின்மேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலை தமக்கு நேர்ந்ததென்றும் அதில் எழுதியிருந்தார். 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவரையும் வேறு ஒன்பதின்மரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆண்டறிக்கைகளின் மொழிநடையில் குறையேதும் இல்லை. அவற்றின் எண்களில்தான் உண்மை இல்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1982 இல் சிகாகோ பகுதியில், டைலெனால் என்னும் வலிநீக்கி மாத்திரைக் குப்பிகளில் எவரோ நஞ்சு கலந்தமையால் எழுவர் உயிரிழந்தனர். குற்றம் நிறுவனத்தினுடையது அன்று. ஆயினும் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் பொதுமக்களை எச்சரித்து, ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. வணிகத் தொடர்பு வகுப்புகளில் இன்றும் இது பாடமாக உள்ளது. அறிக்கையின் சொல்லழகு அன்று இங்குப் பாடமாவது. சொல்லின் பின்னே இழப்பை ஏற்ற செயல் நின்றதே பாடமாகும்.

மௌனமும் பொய்யாகும்

தத்துவார்த்த சூத்திரம் வாய்மை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. பொய்யுபதேசம், மறைவில் நிகழ்ந்ததை வெளியிடல், பொய் ஆவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் உணர்ந்த இரகசியத்தை வெளிப்படுத்தல் என்பன அவை. இவை வணிகருக்கென்றே வகுத்தவை போல் அமைந்துள்ளமை எண்ணத்தக்கது. பொய் ஆவணம் எழுதுதல் என்பதனுள் அவ்விளைஞருக்குக் கிடைக்கவிருந்த அனுபவச் சான்றிதழ் அடங்கிவிடுகின்றது.

அடைக்கலப் பொருளைக் கவர்தல் களவன்றோ, வாய்மையின் குற்றமாக ஏன் வைத்தனர் என்று கேட்கலாம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதனை விளக்குகிறார். பொன்னைக் கொடுத்துவைத்தவர் எண்ணிக்கையை மறந்து குறைவாகக் கேட்கின்றார்; பெற்றவர் ‘அவ்வாறே ஆகுக’ என்று கேட்டதை மட்டும் கொடுக்கின்றார். அவர் பொய்யாக ஒரு சொல்லும் கூறவில்லை. மற்றவரின் மறதியைத் திருத்தவில்லை, அவ்வளவே. அதுவும் குற்றம் என்றனர் நம் ஆசான்கள். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கொள்கின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் உரையாசிரியர் கண்ட நுட்பத்தைச் சட்டம் இன்று வந்து தொடுகின்றது.

உண்மையைச் சொல்லும் திறம்

மீண்டும் அத்திருமண வீட்டிற்குச் செல்வோம். நாம் அவ்விளைஞரிடம், “தம்பி, கல்லூரிக் காலத்தில் தந்தையாருக்கு என்ன உதவி செய்தீர்கள்?” என்று கேட்டோம். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மூட்டைகளைக் கொண்டு செல்வது, எடையையும் விலையையும் குறித்து வருவது, ஆட்களின் கூலிக் கணக்கு வைப்பது, கூட்டுறவுச் சங்கத்திற்குக் கடன் விண்ணப்பம் எழுதுவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. ஐந்தாண்டுகள்!

“இதை ஏன் எழுதவில்லை?”

“இதெல்லாம் அனுபவமா ஐயா?”

அழைப்பிதழ் உறையின் பின்புறத்தில், அன்றிரவே நால்வரிகளாக அதனை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் எழுதினோம். அதில் மிகையான சொல் ஒன்றும் இல்லை. எவர் எவ்வளவு துருவிக் கேட்பினும் விடை கூறத்தக்க வரிகள் அவை. அன்று நாமும் ஒன்றைக் கற்றோம். பொய் கூறுவோர் அனைவரும் தீயவர் அல்லர். தம்மிடமுள்ள உண்மையைச் சொல்லும் வகை தெரியாமையால் பொய்யைக் கடன் வாங்குவோரே பலர். அத்தகையோர்க்குத் தொடர்புக் கல்வி வாய்மைக்குத் துணையாகும்.

அதன்பின் உடனே வேலை கிடைத்ததா எனில், இல்லை. மேலும் இரண்டு இடங்களில் அவரை மறுத்தனர். எட்டுத் திங்களுக்குப் பின் காஞ்சிபுரத்தில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் குறைந்த ஊதியத்தில் சேர்ந்தார். பொய்ச் சான்றிதழ் பெற்ற நண்பர் சிலர் அவரினும் மிகுதியாக ஈட்டினர். வாய்மைக்கு உடனே ஊதியம் கிட்டும் என்று நாம் வாக்களித்ததில்லை. அவ்வாறு வாக்களிப்பதும் ஒருவகை மிகை விளம்பரமே. முன்னைய வேலையை விசாரித்து எவரேனும் கடிதம் எழுதுவரோ என்னும் அச்சமின்றி உறங்குவதாக அவர் பின்னொரு நாள் கூறினார். கடன் தீர இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்றும் கூறினார்.

ஆகவே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இது. பிள்ளைகளைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்குமுன் அங்குக் கற்பிப்பது யாது என்பதைக் கேட்டறியுங்கள். வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் எழுத வேண்டிய வீட்டுக் கடிதங்களை மகனும் மகளும் எழுதட்டும். அவர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறும்போது, கண்டது எது, கருதியது எது என்று கேளுங்கள். கோடை விடுமுறை அற வகுப்புகளில் ஒரு நாளேனும் இப்பயிற்சிக்கு ஒதுக்கலாம். நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பது நம் நெறி. தொழிற்கல்வியை மட்டும் அம்மூன்றுக்கும் புறத்தே நிறுத்தி வைப்பது முறையன்று.

அறம் வளர்க.