ஓய்வுநாள் யாருக்கு?

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன; இரண்டிலும் ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளை உண்டு. காரணம் மட்டும் வேறு. யாத்திராகமத்தில், படைப்பை முடித்துக் கடவுள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமத்திலோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும் என்கிறது. வேல்ஸ் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை படம் காட்டலாமா என்று நெடுங்காலம் நடந்த சர்ச்சையில் சேப்பல்கள் (ஆங்கிலிக்கன் அல்லாத புராட்டஸ்டண்ட் சபைகள்) முதல் காரணத்தையே பற்றிக்கொண்டன. இரண்டாவதுதான் சரியான அளவுகோல் என்பேன்.

சேப்பலின் பிடி அங்கே லேசானதாக இருக்கவில்லை. ஞாயிறன்று மதுக்கடைகளை மூட 1881இலேயே வேல்ஸுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1898இல் வில்லியம் ஹாகர் என்பவர் ஊர்ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். 1904இல் இவான் ராபர்ட்ஸ் என்ற போதகரின் சமய எழுப்புதல் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளை உலுக்கியது. பிறகு 1932ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூர் மக்கள் இசைந்தால் ஞாயிறு காட்சி நடத்தலாம் என்றது. முந்தைய ஆறு நாளும் உழைத்தவரை அன்று வேலை வாங்கக் கூடாது, வசூலில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போக வேண்டும் என்றும் விதித்தது. உபாகமத்தின் கவலைக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. எதிர்ப்பில் மிஞ்சியது நாளின் புனிதம் மட்டுமே.

திரையரங்கில் கூடுவோர் இருட்டில் உட்கார்ந்துவிட்டுக் கலைகிறார்கள், சபையார்போல் ஒருவர் துக்கத்தை ஒருவர் சுமப்பதில்லை என்று சேப்பல் தரப்பு சொல்லலாம். வணிக அரங்குகளுக்கு இது பொருந்தும். ஆனால் ட்ரெடிகரிலும் பிளேனாவனிலும் ட்ரியார்க்கியின் பார்க் அண்ட் டேர் மன்றத்திலும் படம் ஓடியது தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த சில்லறையால் எழுந்த கட்டடங்களில். நூலகத்தை நடத்தியவர்களே திரையையும் நடத்தினார்கள். அந்தப் பிணைப்பைச் சுரங்கம் தந்தது, சினிமா தரவில்லை என்பது உண்மைதான். அப்படியானால் சேப்பலில் கண்ட பிணைப்பிலும் சுரங்கத்துக்குப் பங்கில்லையா?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஆளுக்கொரு விடுமுறை நாள் கிடைப்பதும் ஊரே ஒன்றாக ஓய்வதும் ஒன்றல்ல. முதலாவதைச் சட்டம் காத்தது, இரண்டாவதை விட்டுவிட்டது. இதை மறுக்க முடியாது. ஆனால் ஊருக்குப் பொதுவான நாள் வேண்டும் என்பதிலிருந்து, அந்த நாளில் ஊர் என்ன செய்ய வேண்டும் என்று போதகர் தீர்மானிக்கலாம் என்பது பிறக்காது. மழை ஓயாத பள்ளத்தாக்கில், நெருக்கமான வீட்டில், ஆறு நாள் நிலத்தடியில் கிடந்தவன் ஏழாம் நாள் மாலை அண்டைவீட்டாரோடு சேர்ந்து சிரிப்பதும் பொதுவான ஓய்வுதான்.